‘சேராம இருங்க’ என்றால் எதற்காக, எதுவரைக்கும்?

கேள்வி:

எனக்கு 27 வயது. திருப்பூரில் மாமனார், மாமியாருடன் ஒரே வீட்டில் இருக்கிறோம். இப்போது 22 வாரம். போன வருடம் உண்டானது 8 வாரத்தில் கலைந்துவிட்டது. ரத்தம் பட ஆரம்பித்ததற்கு முந்தின ராத்திரி நானும் கணவரும் சேர்ந்திருந்தோம். அதை யாரிடமும் சொல்லவில்லை. “சூதானமா இல்லாமப் போயிட்டீங்களே கண்ணு” என்று அத்தை சொன்னது மட்டும் நெஞ்சில் தைத்துவிட்டது. அப்போது எடுத்த ஸ்கேனில் “வளர்ச்சி 6 வாரத்தோட நின்னிருக்கு, துடிப்பு இல்லை” என்றார்கள்.

இந்த முறை உண்டானது தெரிந்த நாளிலிருந்து கணவர் ஹாலில்தான் படுக்கிறார். ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, கருப்பை வாயிலிருந்து 1.4 செ.மீ. என்று வந்திருக்கிறது. ரத்தம் எதுவும் படவில்லை. டாக்டர் “சேராம இருங்க” என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். பின்னால் ஆட்கள் நின்றதால் மேற்கொண்டு கேட்கக் கூச்சமாக இருந்தது. கணவர் என்னைத் தொடவே பயப்படுகிறார். “இப்ப நீ சாமி மாதிரி” என்கிறார். எனக்கோ இந்த மாதத்தில்தான் ஆசை அதிகமாக இருக்கிறது. இது தப்பா? போன குழந்தை போனதற்கு நாங்கள்தான் காரணமா? ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், இப்படியேதான் இருக்க வேண்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

போன குழந்தையைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது நெஞ்சில் கிடக்கிறவரை நான் வேறு எதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது.

நீங்கள் காரணமில்லை. உங்கள் கணவரும் காரணமில்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், அதிலேயே பதில் இருக்கிறது. ரத்தம் பட்டது 8 வாரத்தில். கருவின் வளர்ச்சி நின்றதோ 6 வாரத்தில். அப்படியென்றால் நீங்கள் இருவரும் சேர்ந்த அந்த ராத்திரிக்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் முன்பே அந்தக் கரு வளர்வதை நிறுத்திவிட்டது. கரு நின்ற அன்றைக்கே ரத்தம் படுவதில்லை. கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன்கள் மெல்லக் குறைந்து, கருப்பை அதை வெளியேற்றத் தொடங்குவதற்குள் நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள்கூட ஆகும். அன்றிரவு நீங்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்திருந்தாலும் ரத்தம் பட்டுத்தான் இருக்கும்.

முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். பெரும்பாலும் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது, அல்லது கரு உண்டான முதல் சில நாட்களில், தற்செயலாக நேர்ந்துவிடுகிற பிசகு அது. மாடிப்படி ஏறியது, பஸ்ஸில் போனது, கணவனோடு சேர்ந்தது, இவை எதனாலும் அது வருவதில்லை. எதைத் தவிர்த்திருந்தாலும் அதைத் தடுத்திருக்கவும் முடியாது. ஒரு முறை கலைந்த பெண்களில் மிகப் பெரும்பாலோர் அடுத்த முறை நல்லபடியாகவே பெற்றெடுக்கிறார்கள். உங்கள் அத்தை அந்த வார்த்தையை வருத்தத்தில் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு வருடமாக உங்களைத் தின்றுகொண்டிருக்கிற அந்தக் கணக்கு தப்பான கணக்கு. அந்த ரிப்போர்ட்டை இன்று இரவே கணவரிடம் காட்டுங்கள். அவரும் இதையே மனதில் போட்டு மறுகிக்கொண்டு, உங்களிடம் சொல்ல முடியாமல்தான் ஹாலில் படுக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி இப்போதைய கர்ப்பம்.

எந்தச் சிக்கலும் இல்லாத கர்ப்பத்தில் தம்பதி சேர்வதால் குழந்தைக்கு ஆபத்தில்லை. ஆணுறுப்பு குழந்தையைத் தொடுவதே இல்லை. யோனி ஒரு பாதை, அவ்வளவுதான். அதன் முடிவில் கருப்பை வாய் மூடியிருக்கிறது. அந்த வாயைக் கெட்டியான சளி அடைத்திருக்கிறது. அதற்கு உள்ளே பனிக்குடம், அதற்குள் பனிநீர், அந்த நீருக்குள் குழந்தை. சுற்றிலும் கருப்பையின் தடித்த தசைச் சுவர். உச்சகட்டத்தின்போது கருப்பை கொஞ்ச நேரம் இறுகி விடும். வயிறு கல் மாதிரி ஆவதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். அது சூட்டு வலி மாதிரியானது, சற்று நேரத்தில் தானே அடங்கிவிடும், பிரசவ வலியாக மாறாது. குழந்தை அந்த நேரத்தில் கூடுதலாக அசைந்தாலும் அம்மாவின் இதயம் வேகமாகத் துடிப்பதாலும் உடம்பு அசைவதாலும்தானே தவிர, அதற்கு வலிக்கிறது என்று அர்த்தமில்லை. என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியவும் தெரியாது.

உங்கள் நிலை இதிலிருந்து ஓர் இடத்தில் மாறுகிறது. அந்த ஓர் இடத்தை மட்டும் சரியாகப் புரிந்துகொண்டால் போதும்.

நஞ்சுக்கொடி சாதாரணமாகக் கருப்பையின் மேல்பகுதியிலோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும். அதன் விளிம்பு கருப்பை வாயின் உள்பக்கத்திலிருந்து 2 செ.மீ.க்குள் இருந்தால் கீழிறங்கிய நஞ்சுக்கொடி என்கிறோம். வாயையே மூடிக்கொண்டிருந்தால் அது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய நிலை. உங்களுடையது 1.4 செ.மீ. வாயை மூடவில்லை, ஆனால் பக்கத்தில் இருக்கிறது. நஞ்சுக்கொடியில் ரத்த ஓட்டம் மிக அதிகம். கருப்பை வாய்க்கு அருகில் அது ஒட்டியிருக்கும்போது அங்கே இடிபட்டால் விளிம்பு லேசாக விலகி ரத்தம் கொட்டலாம். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. ஆனால் அப்படி ஆகிவிட்டால் அது தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர் விஷயம். அதனால்தான் உங்கள் டாக்டர் வேண்டாம் என்றார். அவர் சொன்னது சரி. நானும் அதையேதான் சொல்வேன்.

அவர் சொல்லாமல் விட்டது இரண்டு. எதற்காக என்பதை மேலே சொல்லிவிட்டேன். எதுவரைக்கும் என்பதுதான் உங்களுக்கு இன்னும் முக்கியம்.

20 வாரத்தை ஒட்டிய ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இருப்பதாகச் சொல்லப்படும் பெண்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் பிரசவத்துக்குள் அது மேலே போய்விடுகிறது. நஞ்சுக்கொடி வேரைப் பிடுங்கிக்கொண்டு நடந்து போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். பலூனின் வாய்ப்பக்கம் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டு ஊதிப் பாருங்கள். பொட்டு ஒட்டின இடத்திலேயே இருக்கும், வாய்க்கும் அதற்கும் நடுவில் தூரம் கூடிக்கொண்டே போகும். கருப்பையின் கீழ்ப்பகுதி பிற்பாதி மாதங்களில் அப்படித்தான் விரிகிறது. அதனால் 32 வாரத்தில் மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது வழக்கம். விளிம்பு 2 செ.மீ.க்கு அப்பால் போயிருந்தால், வேறு சிக்கல் இல்லாத பட்சத்தில், தடை அன்றோடு முடிந்தது. அப்போதும் கீழேயே இருந்தால் 36 வாரத்தில் இன்னொரு முறை பார்த்து, எப்படிப் பிரசவம் என்பதை முடிவு செய்வார்கள். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு மட்டும் நஞ்சுக்கொடி மேலே போகும் வாய்ப்புக் குறைவு, பழைய தழும்பில் அது ஆழமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

அந்த ஸ்கேனை உள்வழியாக எடுப்பதுண்டு. “உறவே கூடாது என்று சொல்லிவிட்டு ஸ்கேன் கருவியை உள்ளே விடுகிறார்களே” என்று பயந்து மறுத்துவிடுகிற பெண்கள் இருக்கிறார்கள். நீங்கள் மறுக்காதீர்கள். அந்தக் கருவி கருப்பை வாய்க்குள் போவதில்லை, எடுப்பவர் திரையில் பார்த்துக்கொண்டேதான் நகர்த்துகிறார். நஞ்சுக்கொடியின் விளிம்பை மில்லிமீட்டர் கணக்கில் சரியாகச் சொல்வது அந்த ஸ்கேன்தான். விரலால் செய்கிற உள்பரிசோதனைதான் உங்களுக்கு வேண்டாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு என்றால் 32 வாரம் வரும்போது நீங்கள் அம்மா வீட்டில் இருப்பீர்கள். பார்க்கிற டாக்டர் மாறுவார், ஆஸ்பத்திரி மாறும், பழைய ரிப்போர்ட் திருப்பூரிலேயே பீரோவில் தங்கிவிடும். நம் ஊரில் இது அடிக்கடி நடக்கிறது. சீர்வரிசையை எடுத்து வைப்பதற்கு முன்னால் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் தாய் சேய் அட்டையையும் பையில் எடுத்து வையுங்கள். அம்மா ஊரில் முதல் முறை காட்டும்போதே “நஞ்சுக்கொடி கீழே இருக்குன்னு சொன்னாங்க, 32 வாரத்துல மறுபடி பார்க்கணும்” என்று நீங்களாகச் சொல்லுங்கள். அம்மா வீட்டிலிருந்து ரத்த வங்கியும் ஆபரேஷன் தியேட்டரும் உள்ள ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கணவர் ஒரு முறை நேரில் போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளட்டும். ராத்திரியில் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால், வளைகாப்பை முடித்துக்கொண்டு, அந்த ஸ்கேன் முடியும்வரை திருப்பூரிலேயே தங்குவதைப் பற்றி வீட்டில் பேசுங்கள். பெரியவர்கள் சம்பிரதாயம் என்பார்கள். காரணத்தைச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள்.

சரி, அதுவரை என்ன செய்யலாம், என்ன கூடாது? கூச்சத்தால் யாரும் சொல்லாமல் விடுவதைச் சொல்லிவிடுகிறேன். யோனிக்குள் எதுவும் போகக் கூடாது. ஆணுறுப்பும் கூடாது, விரலும் கூடாது. இதுதான் இப்போதைய எல்லை. கட்டிக்கொள்வது, முத்தம், ஒருவரையொருவர் வெளியிலிருந்து தொட்டுக்கொள்வது, ஒரே கட்டிலில் படுப்பது, இவற்றுக்கும் நஞ்சுக்கொடிக்கும் சம்பந்தமில்லை. கணவருக்கு நீங்கள் கையால் சுகம் தருவதில் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் உச்சம் அடைவதைப் பற்றி மட்டும் டாக்டர்களுக்குள் இரு கருத்து உண்டு. கருப்பை இறுகுவதால் சிலர் அதையும் தள்ளிவைக்கச் சொல்வார்கள். உங்கள் டாக்டரிடம் இதை நேராகவே கேளுங்கள்: “உள்ளே சேரக் கூடாதுன்னு மட்டும் சொல்றீங்களா, எனக்கு உச்சம் வர்றதும் கூடாதா?” இப்படிக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. எங்களுக்கு இது ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்பது போன்ற கேள்விதான். எல்லோர் முன்னிலும் வாயில் வரவில்லை என்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அட்டைக்குள் வைத்து நீட்டுங்கள். படித்துவிட்டு பதில் சொல்வார்.

வாயால் உறவு கொள்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கர்ப்ப காலத்தில் யோனிக்குள் காற்றை ஊதவே கூடாது. காற்று ரத்தக் குழாய்க்குள் புகுந்து உயிரைப் பறித்துவிடும். மிக அரிதாகத்தான் நடக்கும், நடந்தால் காப்பாற்றுவது கடினம். சிக்கலற்ற கர்ப்பத்துக்கும் இது பொருந்தும்.

அடுத்து, ஆசை. இது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். துளியும் தப்பில்லை. முதல் மூன்று மாதம் வாந்தியும் அசதியுமாகப் போய்விடுகிறது. நாலு, ஐந்து, ஆறாம் மாதங்களில் உடம்பு தேறுகிறது, அடிவயிற்றுக்கும் பிறப்புறுப்புக்கும் ரத்த ஓட்டம் கூடுகிறது, ஹார்மோன்கள் உச்சத்தை நோக்கிப் போகின்றன. அந்த மாதங்களில் பல பெண்களுக்கு முன்னெப்போதையும்விட ஆசை கூடுவது இயல்பு. சிலருக்குக் கர்ப்ப காலம் முழுக்க ஆசையே வராது, அதுவும் இயல்புதான். கடைசி மாதங்களில் வயிறு பெருத்து, மூச்சு வாங்கி, இடுப்பு வலித்து, பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே குறைந்துவிடும். தாயாகப் போகிறவளுக்கு மனைவியின் ஆசை இருக்கக் கூடாது என்று நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் உண்டானதும் பாயைப் பிரித்துப் போடுவதிலேயே அதைச் சொல்லிவிடுகிறார்கள். அதை நீங்கள் உங்கள் மேல் குற்றமாகச் சுமக்க வேண்டாம்.

உங்கள் கணவர் “சாமி மாதிரி” என்று சொன்னதை நினைத்து வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தைக்குள் பயம்தான் இருக்கிறது. முதல் குழந்தையை இழந்த ஆண் அடுத்ததில் தன் கையே பட்டு ஏதாவது ஆகிவிடுமோ என்று நடுங்குவார். உங்கள் வயிறு பெருத்ததால் உங்களைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். இரண்டு பேரும் பேசாமல் இருந்தால் இந்த இரண்டு எண்ணமும் பிரசவத்துக்குப் பிறகும் தொடரும். அதுதான் எனக்குக் கவலை. நஞ்சுக்கொடி பெரும்பாலும் மேலே போய்விடும், இப்படி விழுந்த இடைவெளி அப்படித் தானாகச் சரியாவதில்லை.

அதனால் முதல் வேலையாக அவரை ஹாலிலிருந்து அறைக்கு அழையுங்கள். பக்கத்தில் படுப்பதற்கு எந்த டாக்டரும் தடை சொல்லவில்லை. “உள்ள சேரக் கூடாதுன்னுதான் சொன்னாங்க, பக்கத்துல படுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல” என்று சொல்லுங்கள். அத்தை கேட்டால், ராத்திரி ரத்தம் பட்டால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பொய்யில்லை, உங்கள் நிலையில் உண்மையிலேயே ஆள் இருக்க வேண்டும். 22 வாரத்தில் குழந்தையின் உதை உங்களுக்குத் தெரிய ஆரம்பித்திருக்கும். வெளியிலிருந்து கை வைத்தால் அவருக்கும் சீக்கிரமே தெரியும். ராத்திரி சாப்பிட்டுப் படுத்த பிறகு அவர் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். கால் வீங்கியிருந்தால் பிடித்துவிடச் சொல்லுங்கள், முதுகைத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். தொடப் பயந்தவருக்குத் தொடுவது பழக வேண்டும். 32 வார ஸ்கேனுக்கு அவர் லீவு போட்டுவிட்டு வரட்டும். டாக்டர் வாயிலிருந்து நேரடியாகக் கேட்டால் போகும் பயம் நீங்கள் பத்து முறை சொன்னாலும் போகாது.

தடை நீங்கிய பிறகு எப்படி? 32 வாரத்துக்கு மேல் மல்லாந்து படுத்தபடி சேர்வதைத் தவிருங்கள். கனத்த கருப்பை பெரிய ரத்தக் குழாய்களை அழுத்துவதால் தலை கிறுகிறுக்கும், குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும். தூங்கும்போதும் 28 வாரத்திலிருந்து ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். இருவரும் ஒருக்களித்துப் படுத்து அவர் பின்பக்கமிருந்து சேர்வது வயிற்றில் பாரம் விழாத முறை. நீங்கள் மேலே இருப்பதும் நல்லது, எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம் என்பது உங்கள் கையில் இருக்கும். வலித்தால் நிறுத்துங்கள். பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி இதில் எதுவுமில்லை. மார்பில் சீம்பால் கசியலாம், அதுவும் இயல்பே. ஈரம் போதவில்லை என்றால் மருந்துக் கடையில் நீர் கலந்த ஜெல் கிடைக்கும். ஆணுறை போடுகிறவர்கள் தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது, எண்ணெய் பட்டால் ரப்பர் கிழிந்துவிடும்.

கடைசி மாதத்தில் சேர்ந்தால் சீக்கிரம் வலி எடுக்கும், சுகப்பிரசவம் ஆகும் என்று சிலர் சொல்வதுண்டு. விந்தில் கருப்பை வாயை இளக்கும் பொருள் இருப்பது உண்மைதான், ஆனால் சேர்வதால் பிரசவம் முன்னதாக வருகிறது என்று ஆய்வுகளில் உறுதியாகவில்லை. விருப்பம் இருந்தால் சேருங்கள், வலி வரவழைக்கும் மருந்தாக நினைத்து வேண்டாம். பனிக்குடம் உடைந்துவிட்டால் அதன் பிறகு கட்டாயம் கூடாது, தொற்று நேராக உள்ளே ஏறிவிடும்.

அவசரத்தைப் பற்றி ஒரு பத்தி. இதை உங்கள் கணவரையும் படிக்கச் சொல்லுங்கள். நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்களுக்கு ரத்தம் பெரும்பாலும் வலியே இல்லாமல்தான் படும். வலி இல்லையே என்று விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நாப்கின் ஒன்றை வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட்டு, ரத்த வங்கி உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். போனதும் முதலில் சொல்ல வேண்டியது, “நஞ்சுக்கொடி கீழே இருக்கு, ஸ்கேன் பார்க்காம உள்பரிசோதனை பண்ணாதீங்க.” சேர்ந்ததால் ரத்தம் பட்டிருந்தாலும் அதை மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்டமாட்டார்கள், திட்டினாலும் உங்கள் உயிர் பெரிது. உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் எந்த ரத்தக் கசிவுக்குப் பிறகும் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடம்பு திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 72 மணி நேரத்துக்குள் தேவைப்படலாம், நினைவுபடுத்திக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் மாதிரி கசிந்தாலோ, வயிறு விட்டு விட்டு இறுகி நேரம் ஆக ஆக நெருங்கி வந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ அன்றே காட்ட வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சிலது சொல்ல வேண்டும். நஞ்சுக்கொடி கீழே இருப்பதைத் தவிர, காரணம் தெரியாத ரத்தப்போக்கு, கருப்பை வாயின் நீளம் முன்கூட்டியே குறைந்திருப்பது, அங்கே தையல் போட்டிருப்பது, குறைமாதத்திலேயே வலி வந்து அடங்கியிருப்பது, பனிநீர் கசிவது ஆகிய நிலைகளில் சேரக் கூடாது. இவற்றில் பலவற்றுக்கு உச்சகட்டமும் தள்ளிவைக்கப்பட வேண்டியதே. இரட்டைக் குழந்தை, செயற்கைக் கருத்தரிப்பு, சர்க்கரை, முன்பு ஒரு முறை கலைந்தது, முன்பு சிசேரியன் ஆனது, இவை மட்டுமே தடைக்குக் காரணமாவதில்லை, ஆனாலும் உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். சேர்ந்த பிறகு ஒரு சொட்டு இளஞ்சிவப்பாகக் கறை படுவது, கர்ப்பத்தில் கருப்பை வாய் ரத்தம் கோத்து மென்மையாக இருப்பதால் நேரலாம். பெரும்பாலும் ஒன்றுமிருக்காது, இருந்தாலும் காட்டிவிடுங்கள். முதல் பரிசோதனையில் எடுக்கும் எச்.ஐ.வி., மேகநோய் (சிபிலிஸ்), மஞ்சள் காமாலை பி ரத்தப் பரிசோதனைகளைக் கணவரும் செய்துகொள்ள வேண்டும். இருவரில் ஒருவருக்குத் தொற்று இருந்தாலும், இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், பிரசவம்வரை ஆணுறை இல்லாமல் சேரக் கூடாது. மேகநோயைக் கவனிக்காமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கக்கூடும், பென்சிலின் ஊசியில் அதைக் குணப்படுத்திவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. டாக்டர் வேண்டாம் என்று சொன்ன பிறகும், மனைவி முடியாது என்று சொன்ன பிறகும் வற்புறுத்துகிற கணவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் எனக்கு எழுதுவது கடைசி வரியில்தான், அதுவும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. கர்ப்பமோ இல்லையோ, உங்களுக்கு விருப்பமில்லாதபோது உங்கள் உடம்பைத் தொட யாருக்கும் உரிமையில்லை. 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் துன்புறுத்தலையும் வன்முறை என்றே சொல்கிறது. பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடமோ கிராமச் செவிலியரிடமோ தனியாகச் சொல்லுங்கள். 181 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

சகோதரி, பிரசவத்துக்குப் பிறகு எப்போது என்பதையும் இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், அப்போது அம்மா வீட்டில் யாரிடமும் கேட்க முடியாது. தீட்டு நின்று தையல் ஆறும்வரை, சுமார் ஆறு வாரம் பொறுப்பது நல்லது. சுகப்பிரசவமோ சிசேரியனோ கணக்கு அதேதான். பால் கொடுக்கும் மாதங்களில் யோனி வறண்டிருக்கும், அதற்கும் அந்த ஜெல் உதவும். மாதவிலக்கு திரும்பவில்லை என்பதால் கரு தங்காது என்று நம்பிவிடாதீர்கள், முதல் விலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகலாம். கரு தங்காமல் தடுக்க, பிரசவத்தன்றே போடக்கூடிய காப்பர்-டி அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். வேண்டுமா வேண்டாமா என்பதை வலி எடுப்பதற்கு முன்பே இருவரும் பேசி முடிவு செய்துவிட்டால், பிரசவ அறையில் யாரோ கேட்கும்போது திகைத்து நிற்க வேண்டியிருக்காது.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மூன்று கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். நஞ்சுக்கொடி வாயை மூடுகிறதா, பக்கத்தில் மட்டுமா? எதெல்லாம் கூடாது, உச்சமும் சேர்த்தா? மறு ஸ்கேன் எந்தத் தேதி? 32 வார ரிப்போர்ட்டில் அந்தத் தூரம் எத்தனை செ.மீ. என்று வந்ததும் எனக்கு எழுதுங்கள்.